மேக்னஸனிடம் காகிதம் இல்லாவிட்டால் என்ன?

கேள்வி: பிபிசியின் 'ஷெர்லாக்' தொடரில், பிறர் ரகசியங்களை வைத்து மிரட்டும் மேக்னஸனைப் பெரிய வில்லன் என்று கொண்டாடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எல்லாம் மண்டைக்குள்! இவன் வெறும் வாய்ச்சவடால் ஆசாமிதானே? ஷெர்லாக்கின் பரம எதிரி மோரியார்ட்டி பக்கத்தில் நிற்க முடியுமா?

பதில்: தாராளமாக நிற்கலாம். என் கணக்கில் ஒரு படி மேலேயே நிற்பான்.

முதலில் ஒரு திருத்தம். தான் மிரட்டப் பயன்படுத்தும் ஸ்மால்வுட் பிரபுவின் கடிதங்களை அவன் ஷெர்லாக்கின் பேக்கர் தெரு வீட்டுக்கே எடுத்துவந்து காட்டுகிறான். அவனுடைய ஆப்பிள்டோர் மாளிகையில் ஆவணக் கிடங்கு கிடையாது, அவ்வளவுதான். அவசியப்பட்டால் ஒன்றிரண்டை வரவழைத்துக்கொள்வான், மற்றதெல்லாம் நினைவில்.

சரி, காகிதமே இல்லையென்று வைத்துக்கொள்வோம். சாட்சியும் ஆவணமும் வழக்குக்குத்தான் வேண்டும். மிரட்டலுக்கு அவை எதற்கு? செய்தது என்ன என்று மாட்டிக்கொண்டவருக்கே தெரியும். அது இன்னொருவனுக்கும் தெரிந்துவிட்டது என்றாலே அவருடைய தூக்கம் போய்விடும். மேக்னஸன் பத்திரிகை முதலாளி வேறு. நிரூபிக்க வேண்டியதில்லை, அச்சிட்டால் போதும் என்று அவனே ஷெர்லாக்கின் நண்பர் ஜான் வாட்சனிடம் சொல்கிறான். பத்திரிகை வேலையில் இருக்கிற எனக்கு அந்த இடம் மிகவும் உறைத்தது. உள்பக்கத்தில் மறுப்பு வரும்போது அந்த மனிதரின் மானம் போய்ப் பல நாள் ஆகியிருக்கும். நம் தொழிலின் பலத்தை இவ்வளவு கேவலமாகப் பயன்படுத்த முடியும் என்று காட்டியதற்காகவே இந்தப் பாத்திரத்தை மதிக்கிறேன்.

மோரியார்ட்டிக்கு ஷெர்லாக் தேவை. எதிரே ஆள் இல்லாவிட்டால் அவனுக்கு ஆட்டமே இல்லை. மேக்னஸன் ஷெர்லாக்கை ஒரு படிக்கட்டாகத்தான் பார்க்கிறான். மனைவி மேரியைப் பிடித்தால் ஜான், ஜானைப் பிடித்தால் ஷெர்லாக், ஷெர்லாக்கைப் பிடித்தால் அரசாங்கத்தில் செல்வாக்குள்ள அவர் அண்ணன் மைக்ராஃப்ட். யார் யார்மேல் பாசம் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவன் கையிலிருக்கும் கயிறு. ஜானின் முகத்தில் விரலால் சுண்டிக்கொண்டே இருக்கிறானே, அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். போர்க்களம் கண்ட மனிதர், மனைவிக்காக அசையாமல் நின்று வாங்கிக்கொள்கிறார். மேக்னஸனாக நடித்த லார்ஸ் மிக்கல்சன் குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு வயிற்றைப் புரட்டியது.

என் குறை வில்லன்மேல் இல்லை, முடிவின்மேல். இவனுக்கு மூலம், கானன் டாயில் 1904இல் வெளியிட்ட ஹோம்ஸ் கதையில் வரும் மிரட்டல்காரன் மில்வர்ட்டன். அந்தக் கதையில் அவனைச் சுடுவது ஹோம்ஸ் அல்ல. அவனால் வாழ்க்கை நாசமான ஒரு பெண். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அதைப் பார்க்கும் ஹோம்ஸ், பெட்டகத்திலிருந்த கடிதங்களை அள்ளி நெருப்பில் போடுகிறார். தொடரில் 2014இல் வந்த அத்தியாயத்தில் பெட்டகமே மேக்னஸனின் தலை. அதனால் ஷெர்லாக் தலையிலேயே சுட்டுவிடுகிறார். கெட்டிக்காரத்தனமான மாற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்மால்வுட் பிரபுவின் மனைவியான சீமாட்டி எங்கே போனார்? அவன் நாக்கு தீண்டியது அவர் முகத்தை. கணவரை இழந்ததும் அவர்தான். வழக்கைக் கொண்டுவந்தவரும் அவரே. அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, ஷெர்லாக்கின் நட்புக்குச் சாட்சியாக அந்தத் தோட்டாவைச் செலவழித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கதையில் பாதிக்கப்பட்டவரிடமிருந்து அந்தக் கணத்தைப் பறித்தது பெரிய தவறு.

ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்து 1992இல் வந்த முழுநீளத் தொலைக்காட்சிப் படத்தையும் தேடிப் பாருங்கள். மில்வர்ட்டனாக ராபர்ட் ஹார்டி. அவனிடம் சிக்கியவர்களின் வீடுகளுக்குள்ளும் அந்தப் படம் நம்மை அழைத்துப்போகிறது. சுடுவதும் அந்தப் பெண்தான்.