மகன் வீட்டில் கேம் சர்வர் நடத்துகிறான், இணையக் கணக்கு என் பெயரில்: வழக்கு வந்தால் யார் மேல்?

கேள்வி: பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் குடியிருக்கிறோம். இணையக் கணக்கு என் பெயரில். படிவம் ஐந்தில் படிக்கும் என் 17 வயது மகன் பழைய கணினி ஒன்றில் மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டுக்கு சர்வர் போட்டு, மற்றவர்கள் இணையம் வழியாக வந்து விளையாட இரவு பகலாக ஓட விடுகிறான். முதலில் பள்ளி நண்பர்கள் வந்தார்கள், இப்போது முகம் தெரியாதவர்களும் வருகிறார்கள். சிலர் மாதம் ஐந்து ரிங்கிட் என் இ-வாலட்டுக்கு அனுப்புகிறார்கள், அவர்களுக்கு நல்ல வாளும் கவசமும் கொடுக்கிறானாம். போன வாரம் ஒருவன் அங்கே இன்னொரு சமயத்தைக் கேவலமாக எழுதியிருக்கிறான். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்த ஒரு பையனின் அப்பா, போலீசில் புகார் செய்யப் போவதாகச் சொல்கிறார். மறுநாள் எங்கள் வீட்டு இணையமே முடங்கிவிட்டது, யாரோ தாக்குகிறார்கள் என்கிறான் மகன். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

பதில்: அம்மா, எதையும் அழிக்க வேண்டாம். புகார் வரும் என்று தெரிந்த பிறகு கணினியைத் துடைத்தால், சாட்சியாக வரக்கூடிய மின்னியல் பதிவை அழித்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 204வது பிரிவில் தனிக் குற்றச்சாட்டே வரலாம். அதைவிட முக்கியமான காரணம், அந்தக் கணினியில் இருக்கும் பதிவுகள்தான் உங்களைக் காப்பாற்றப் போகின்றன.

ஏன் என்று சொல்கிறேன். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2012 ஜூலை 31 முதல் அது நடப்பில் உள்ளது. வழக்கமாக ஒருவர் குற்றம் செய்தார் என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். இந்தப் பிரிவு இணையத்தில் வெளியான ஒன்றை வெளியிட்டவர் யார் என்ற கேள்வியில் அதைத் திருப்பிப் போடுகிறது. உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ ஒருவரின் பெயரோ புனைபெயரோ காணப்பட்டால், அவரே வெளியிட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். எந்த இணைய இணைப்பிலிருந்து அது வந்ததோ, அந்த இணைப்புக்குச் சந்தாதாரராகப் பதிந்தவர் மேலும் அதே அனுமானம். கணினி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர் மேலும் அப்படியே. இல்லை என்று காட்ட வேண்டியது அவர்கள் வேலை.

உங்கள் வீட்டில் சந்தாதாரர் நீங்கள். சர்வரின் நிர்வாகி உங்கள் மகன். எழுதியவன் யாரோ ஒருவன், தன் வீட்டிலிருந்து எழுதினான். ஆனால் அந்த வாசகம் உங்கள் வீட்டுக் கணினி வழியாகத்தான் மற்றவர்கள் திரைக்குப் போனது. விளையாட்டுக்குள் நடக்கும் உரையாடலுக்கு இந்தப் பிரிவு பொருந்துமா என்று வாதாட நிறைய இடம் உண்டு, நானே வாதாடுவேன். ஆனால் அந்த வாதத்தை வைக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். தோட்டச் சம்பளத்தில் இருக்கும் ஒரு குடும்பம் அதுவரை போக வேண்டாம் என்பதே என் அக்கறை.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் மலேசியாகினி செய்தித்தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக அந்தத் தண்டனை. விஷயம் தெரிந்ததும் அவற்றை நீக்கியிருந்தும் தப்பவில்லை. அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, நிறுவனமும் பெரியது, உங்கள் நிலை வேறுதான். ஆனாலும் 114ஏ பிரிவை நம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே எவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது என்பது அதில் தெரிகிறது.

சமயத்தை இழிவாகப் பேசுவது தண்டனைச் சட்டத்தின் 298வது பிரிவில் வரலாம். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233வது பிரிவிலும் வரலாம். அந்த 233இன் தண்டனை 2025 பிப்ரவரியில் கூட்டப்பட்டது. முன்பு அபராதம் 50,000 ரிங்கிட் வரை, சிறை ஓராண்டு வரை. இப்போது 5 லட்சம் வரை, இரண்டாண்டு வரை. இவை உச்சவரம்பு, எல்லாருக்கும் இதைத்தான் போடுவார்கள் என்று அர்த்தமில்லை.

எனவே இன்றே செய்ய வேண்டியது இது. சர்வரை நிறுத்தச் சொல்லுங்கள். மைன்கிராஃப்ட்டின் ஜாவா என்ற பதிப்பின் சர்வர் தன் 'லாக்ஸ்' என்ற கோப்புறையில் தேதிவாரியாகப் பதிவு வைக்கிறது. யார் எந்த நேரத்தில் நுழைந்தார்கள், எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) வந்தார்கள், என்ன எழுதினார்கள் என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். முழுக் கோப்புறையையும் இரண்டு பென்டிரைவில் நகல் எடுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும், இன்னொன்று நம்பகமான உறவினரிடம் இருக்கட்டும். அசல் கணினியைத் தொடாமல் வையுங்கள். அப்படி எழுதியவனை மகன் ஏற்கெனவே தடை செய்திருந்தால் அதற்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் செய்வேன் என்ற அந்த அப்பாவிடம் மரியாதையாகப் பேசுங்கள்: எழுதியது என் மகன் இல்லை, சர்வரை நிறுத்திவிட்டோம், பதிவுகள் பத்திரமாக இருக்கின்றன, போலீஸ் கேட்டால் கொடுப்போம். அவ்வளவு போதும். புகார் செய்யாமல் இருக்கப் பணம் தருகிறேன் என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

இணையம் முடங்கியது தாக்குதலால்தான் என்றால், அதில் நீங்கள் பாதிக்கப்பட்டவர். கணினியின் இயல்பான இயக்கத்தைக் கெடுப்பது 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 5வது பிரிவில் வரக்கூடிய குற்றம், தண்டனை 1 லட்சம் ரிங்கிட் அபராதம், ஏழாண்டு சிறை வரை. இணையத் தாக்குதல் புகார்களை வாங்கும் சைபர்999 சேவையில் தெரிவியுங்கள், போலீசிலும் புகார் கொடுங்கள். உங்கள் புகார் முதலில் பதிவாகியிருந்தால் பின்னால் உதவும். பிறர் சாதனங்களைப் பிடித்துவைத்து இணையத் தளங்களை முடக்கி 2016இல் உலகையே ஆட்டிய மிராய் தாக்குதலுக்குப் பின்னால் இருந்த இளைஞர்கள் ஆரம்பத்தில் குறி வைத்தவற்றில் மைன்கிராஃப்ட் சர்வர்களும் உண்டு. இந்த விளையாட்டுச் சர்வர்களுக்கிடையே போட்டியும் பணமும் அப்படி.

வீட்டில் சர்வர் வைப்பது என்றால் ரௌட்டரில் ஒரு கதவைத் திறந்து ஊருக்கே விலாசம் கொடுப்பது போல. ஜாவா பதிப்புக்கு அந்தக் கதவின் எண், அதாவது போர்ட், வழக்கமாக 25565. 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் என்ற மென்பொருள் ஓட்டையில், உரையாடலில் ஒரு வரி தட்டியே சர்வர் கணினியைத் தன் பிடிக்குள் கொண்டுவர முடிந்தது. அப்படிப் பிடித்த கணினியை வைத்து இன்னொருவரைத் தாக்கினால், விசாரணை வந்து நிற்கும் இடம் உங்கள் பெயரில் உள்ள இணைப்பு. அதே வைஃபையில்தான் உங்கள் வங்கிச் செயலியும் ஓடுகிறது.

அப்புறம் பணம். உங்கள் இ-வாலட்டில் வந்ததால் அது உங்கள் வருமானமாகத் தெரியும். தொடர்ந்து பணம் வாங்கிச் சேவை கொடுத்தால் வியாபாரம். வியாபாரம் என்றால் தொடங்கிய 30 நாளுக்குள் வியாபாரங்களைப் பதியும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும், வருமான வரிப் படிவத்திலும் காட்ட வேண்டும். வாங்கியவர்கள் 18 வயதுக்குக் கீழ் என்றால் அவர்களோடு செய்த ஒப்பந்தம் செல்லாது. அவர்களின் பெற்றோர் திருப்பிக் கேட்டால் மறு பேச்சு இல்லாமல் கொடுத்துவிடுங்கள், ஐந்து பத்து ரிங்கிட்டுக்காக பயனீட்டாளர் தீர்ப்பாயம் வரை போக வேண்டாம். வாளும் கவசமும் விற்பது விளையாட்டு நிறுவனத்தின் விதிக்கே எதிரானது. ஆட்டத்தில் ஒருவருக்கு மேல்கை கொடுக்கும் எதையும் காசுக்கு விற்கக்கூடாது என்று 2014இலேயே சொல்லிவிட்டார்கள். தோற்றத்தை மட்டும் மாற்றும் பொருட்களுக்கு இடம் உண்டு.

அந்த வருமானத்தில் மிச்சம் என்ன என்றும் பாருங்கள். 100 வாட் இழுக்கும் கணினி நிற்காமல் ஓடினால் மாதம் 72 யூனிட். 2025 ஜூலை முதல் உள்ள வீட்டுக் கட்டணம், சலுகை கழிப்பதற்கு முன், யூனிட்டுக்குச் சுமார் 44 சென். அதாவது ஏறக்குறைய 32 ரிங்கிட். பயன்பாடு கூடக் கூட சலுகை குறையும், 600 யூனிட்டைத் தாண்டினால் சேவை வரியும் சேரும். ஆறேழு பிள்ளைகள் கொடுக்கும் பணம் மின்சாரத்துக்கே சரி. பேராக்கின் இடி மின்னலில் மோடம் போனால் அதுவும் உங்கள் தலையில்.

எனக்கு அதிகம் கவலை தருவது வீடுதான். அது வேலையோடு வந்த வீடு. தோட்ட வீடு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது, ஆனால் அங்கே வியாபாரம் செய்யும் உரிமையை அது தரவில்லை. குடியிருப்பு நிபந்தனையில் வியாபாரத்துக்குத் தடை இருந்தால், மின்சாரமும் நிர்வாகத்தின் வழியாக வந்தால், இந்த ஐந்து ரிங்கிட் உங்கள் வேலை வரைக்கும் பேச்சைக் கொண்டுபோகும். வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பணம் வாங்குவதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் கூடும் இடத்தைத் தேடி வருபவர்கள் உண்டு. தனியாகப் பேசு, படம் அனுப்பு என்று யாராவது கேட்டதாக மகன் கண்ணில் பட்டால், அது 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில் வரும். தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். மகனிடம் உட்கார்ந்து கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள்.

மகன் இந்த வேலையை விடாமல் செய்ய ஆசைப்பட்டால், எஸ்பிஎம் தேர்வு முடிந்த பிறகு மாத வாடகைக்குச் சர்வர் எடுக்கலாம், அழைத்த நண்பர்கள் மட்டும் நுழையும்படி பூட்டி வைக்கலாம். வீட்டு இணைப்பு அதிலிருந்து விலகிவிடும். நிர்வாகி என்ற பொறுப்பு மட்டும் அவனோடு போகும், உரையாடலைக் கண்காணித்தே ஆக வேண்டும்.

போலீஸ் வாக்குமூலத்துக்கு அழைத்தால் போகாமல் இருக்காதீர்கள். மகனைத் தனியாக அனுப்பாதீர்கள். தன்மேல் குற்றச்சாட்டு வரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112வது பிரிவில் அவனுக்கு இருக்கிறது. போவதற்கு முன் ஈப்போவில் உள்ள சட்ட உதவித் துறைக்கோ, பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ போய்ப் பேசுங்கள். அந்தப் பென்டிரைவ், இணையக் கணக்கின் பில், இ-வாலட் பரிவர்த்தனைப் பட்டியல், வேலை ஒப்பந்தம், நான்கையும் கையோடு எடுத்துப் போங்கள்.