பொம்மையை அல்ல, பொத்தானை மாற்றுங்கள்: கேள்வி பதில்

பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால் உடல் அசைவைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும் நிலை) உள்ள குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமான்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு, ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளையும் விளையாட்டையும் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக, என் பதில்கள்.

மேடம், மகனுக்கு நாலு வயது. மேளம் கொட்டும் குரங்கு பொம்மை என்றால் உயிர். ஆனால் அதன் ஸ்விட்ச் சுண்டுவிரல் நகம் அளவுதான். அவன் கை மூடியே இருக்கும். நாங்கள்தான் போட்டுக் காட்டுகிறோம். (ஒரு அம்மா, சேலம்)

நீங்கள் போட்டால் அவன் வெறும் பார்வையாளர். அவனே போட வேண்டும், அதற்கு வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் செம்பும் நடுவில் மின்சாரம் கடத்தாத அட்டையும் உள்ள ஒரு மெல்லிய வில்லையை, பேட்டரிக்கும் அது தொடும் தகட்டுக்கும் இடையில் செருக வேண்டும். செம்பின் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு வயர் எடுத்து, முனையில் 3.5 மி.மீ. ஜாக் வைக்க வேண்டும். ஹெட்போன் சொருகுவோமே, அதே அளவு. பொம்மையின் சொந்த ஸ்விட்ச் எப்போதும் ஆனில் இருக்கட்டும். ஜாக்கில் மாட்டிய பெரிய ஸ்விட்சைத் தட்டினால்தான் மின்சாரம் பாயும், குரங்கு கொட்டும். ரேடியோ ரிப்பேர் செய்யும் யாரும் இதைச் செய்து தருவார்கள்.

பெரிய ஸ்விட்சையும் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு அட்டைகளில் அலுமினியத் தாள் ஒட்டி, நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்சை வைத்தால், அமுக்கும்போது தாளும் தாளும் தொடும். கைதான் என்றில்லை. முழங்கை, முட்டி, தலையின் பக்கவாட்டு என அவனுக்கு எந்த அசைவு நம்பகமாக வருகிறதோ அங்கே வையுங்கள். முதலில் உட்காரும் நிலையைச் சரிசெய்யுங்கள். உடம்பு சரிந்துகொண்டிருந்தால் முழுக் கவனமும் விழாமல் இருப்பதிலேயே போய்விடும்.

ஒருமுறை தட்டினால் பாடி முடித்துத் தானே நிற்கும் பொம்மைகளுக்கு இந்த வில்லை சரிப்படாது. அவற்றைத் திறந்து, உள்ளே உள்ள பொத்தானின் இரு முனைகளிலும் வயர் பற்றவைக்க வேண்டும்.

இன்ஜினியரிங் கடைசி வருடம். சென்சார், ஆப் எல்லாம் வைத்து ஒரு ரீஹேப் (மறுவாழ்வுப் பயிற்சி) பொம்மை செய்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்? (மாணவர், கோவை)

ஆப்பை அப்புறம் பார்க்கலாம் தம்பி. தட்டிய உடனே பலன் வர வேண்டும். இரண்டு விநாடி தள்ளி வந்தால், தான் தட்டியதால்தான் இது நடந்தது என்று குழந்தைக்குப் புரியாது. குழந்தைக்கு மட்டும் எவ்வளவு நேரமானாலும் கொடுங்கள். 'நேரம் முடிந்தது' என்று கத்தும் பொம்மை வேண்டவே வேண்டாம். தசை இறுக்கம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு அழுத்துவதைவிடக் கையை எடுப்பதுதான் கஷ்டம். அதனால் ஐந்து விநாடி ஓடி நின்று, எடுத்து மறுபடி அழுத்தினால் மட்டும் ஓடும்படி ஒரு டைமர் வையுங்கள். ஜாக் 3.5 மி.மீ.யாகவே இருக்கட்டும். உடல் அசைவில் சிரமம் உள்ளவர்களும் வீடியோ கேம் ஆட 2018-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற கருவியின் பின்புறம் அந்த அளவில் 19 ஜாக் உண்டு. அதே ஸ்விட்சோடு பிள்ளை பின்னாளில் வீடியோ கேமுக்கும் போகலாம்.

மகளுக்கு வலப்பக்கம் மட்டும் பலவீனம். இடக்கையைக் கட்டிவைத்தால் வலக்கை பழகும் என்கிறார்களே? (ஒரு அப்பா, மதுரை)

நல்ல கைக்கு உறை போட்டு மற்ற கையைப் பழக்கும் சிகிச்சை உண்மைதான். ஆனால் தெரபிஸ்ட் நேரம் குறித்து, கூடவே இருந்து செய்வது அது, நீங்களாகக் கட்டாதீர்கள். வீட்டில் ஒரு கையால் முடியாத விளையாட்டாகக் கொடுங்கள். சோப்புக் குமிழி புட்டி அருமையானது: ஒரு கை பிடிக்காவிட்டால் மூடி திறக்காது. சப்பாத்தி மாவு உருட்டுவதும் அப்படித்தான்.

பேரனுக்கு மர நடைவண்டி வாங்கலாமா? (ஒரு தாத்தா, தஞ்சாவூர்)

பிசியோதெரபிஸ்ட் சரி என்றால் வாங்கலாம் ஐயா. வண்டி முன்னால் ஓடிவிடுவதுதான் சிக்கல். அடிக்கட்டையில் மணல் மூட்டை கட்டி, சக்கரம் சற்று இறுக்கமாகச் சுழலும்படி செய்யச் சொல்லுங்கள்.

பொம்மைப் பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பார்த்து வாங்கினால் போதுமா? (ஒரு அம்மா, திருநெல்வேலி)

போதாது. ஆறு வயதிலும் எல்லாவற்றையும் வாயில் வைக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான விதிதான்: சிறிய பாகம், காந்தம் கூடாது. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள். பட்டன் பேட்டரி உள்ளதென்றால் அதன் மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். அந்த பேட்டரியை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.