நீர்க்கடுப்பு மாத்திரையோடு திரிகடுகம் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. சர்க்கரை நோய் உண்டு. ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு. சிறுநீர் கல்ச்சர் சோதனையில் 'ஈ.எஸ்.பி.எல். ஈ.கோலை' என்ற கிருமி வந்திருக்கிறது. டாக்டர் நைட்ரோஃபியூரன்டாயின் எழுதியிருக்கிறார். மிளகு, திப்பிலிச் சாறு சேர்ந்தால் மருந்துக்கு மசியாத கிருமியும் சாகும் என்று படித்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணம் கூடவே கொடுக்கலாமா? ஏற்கெனவே அயச்செந்தூரமும் சாப்பிடுகிறார்.

பதில்: நீங்கள் படித்தது கட்டுக்கதை இல்லை. ஆனால் அது வேறு கிருமியின் கதை.

மிளகுக்கும் திப்பிலிக்கும் காரம் தருவது பைப்பரின். சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி, உள்ளே வந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை பம்பு வைத்து வெளியே இறைத்துவிடும். அந்தப் பம்பை பைப்பரின் அடைப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அம்மாவின் ஈ.கோலையோ பென்சிலின், செஃபலோஸ்போரின் மருந்துகளை ஈ.எஸ்.பி.எல். என்ற நொதியால் வெட்டிப்போடுகிறது. இங்கே பம்பை அடைத்து என்ன பயன்? ஈ.கோலைக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு. பல மூலிகைப் பொருட்கள் அதைத் தாண்டுவதே கடினம். கண்ணாடித் தட்டில் பலிப்பது உடம்பிலும் பலிக்க வேண்டுமே! சர்ப்பகந்தி மூலிகையில் இருக்கும் ரெசர்பினும் அதே பம்பை அடைக்கும். ஆனால் அதற்கு வேண்டிய அளவை மனிதர் தாங்க மாட்டார்.

மூலிகையை மட்டம் தட்டவில்லை. ஜம்முவிலுள்ள அரசு ஆய்வகமும் கடிலா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் 200 மி.கி.யுடன் பைப்பரின் 10 மி.கி. இருக்கிறது. மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறும், அதனால் குறைந்த அளவே போதும் என்பது கணக்கு. அளந்து, சோதித்துச் செய்தது அது. அளக்காமல் சாப்பிட்டால் இதே குணம் வம்பு: வலிப்புக்கு ஃபெனிடாயின், ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின் எடுப்பவர்களுக்கு அவையும் ரத்தத்தில் எகிறும்.

ரசத்து மிளகு தாராளமாகப் போடுங்கள். சூரணம் இப்போது வேண்டாம். அயச்செந்தூரம் பற்றி டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நாளைக்கு சிப்ரோ எழுதினால், அதை அயச்செந்தூரத்தின் இரும்பு குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சங்கு பற்பத்தின் சுண்ணாம்பும் அப்படித்தான். சித்த மருந்து சாப்பிடுவதைப் பலர் டாக்டர்களான எங்களிடம் மறைக்கிறார்கள், திட்டுவோம் என்று. திட்டவும் செய்கிறோம்.

நைட்ரோஃபியூரன்டாயின் மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயம் வேண்டாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இந்த மருந்து சிறுநீரில் போதுமான அளவு சேராது. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலோ விலாப்பக்கம் வலியோ வந்தால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.