மருமகன் வாங்கப்போகும் ஒற்றைத்தோட்டா ரைஃபிள்

கேள்வி: அண்ணாச்சி, என் அக்கா மகன் டெக்சாஸில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறான். தாம்ப்சன் சென்டர் கன்டென்டர் என்று உற்பத்தி நின்றுபோன ஒரு ரைஃபிளைப் பழசாக வாங்கி, குழலை மாற்றி மாற்றிப் போட்டுப் பன்றி வேட்டைக்கு வைத்துக்கொள்ளப் போகிறானாம். வாங்கலாமா? ஊருக்கு வரும்போது கொண்டுவந்தால் நம்ம ஏத்தன் வாழைத் தோப்புக்கு ஆகுமா? – களக்காடு வாசகர்

பதில்: வாங்கலாம், அருமையான துப்பாக்கி. ஆனால் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் அவன் விசாவைப் பார்க்கச் சொல்லுங்கள். எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே அமெரிக்கச் சட்டம் தடை போடுகிறது, அதற்கு உள்ள விலக்குகளில் முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். டெக்சாஸில் தனியார் நிலத்தில், நிலக்காரர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட 2019 முதல் வேட்டை லைசென்ஸே வேண்டாம். அதைக் கேட்டுவிட்டு இவன் லைசென்ஸ் எடுக்காமல் இருந்துவிடக் கூடாது. பன்றிக்குத்தான் வேண்டாம், இவன் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க அது வேண்டும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். நடுவில் மடித்துத் திறந்து, ஒரே ஒரு தோட்டா போட்டு, மூடிச் சுடும் வகை. வாரன் சென்டர் என்பவர் வடிவமைத்து 1967இல் கைத்துப்பாக்கியாக வெளிவந்தது இது, நீளக் குழலும் தோள்கட்டையும் மாட்டினால் ரைஃபிள். 2007இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தாம்ப்சன் சென்டர் நிறுவனத்தை வாங்கியது, 2021இல் அந்தப் பிராண்டையே விற்கப்போவதாக அறிவித்தது. முன்கட்டையின் திருகுகளைக் கழற்றி, கீல் ஆணியைத் தட்டி எடுத்தால் குழல் கையோடு வந்துவிடும். வேறு குழலை வைத்து ஆணியைத் தள்ளினால் முடிந்தது, ராவி ஒட்டவைக்கும் வேலை கிடையாது. 2015இல் நின்றுபோன எச் அண்ட் ஆர் ஹேண்டி ரைஃபிள் மலிவு என்று யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள். அதில் ஒவ்வொரு குழலையும் அந்தந்த உடலுக்கென்று (பூட்டும் விசையும் உள்ள நடுப்பாகம்) பொருத்த வேண்டும், பொருத்திக் கொடுத்த தொழிற்சாலையே இன்றைக்கு இல்லை, அதனால் நான் கன்டென்டர் பக்கம்தான்.

கன்டென்டரில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், குறிபார்க்கும் ஸ்கோப் குழலின் மேலேயே உட்காருகிறது. குழலைக் கழற்றினால் ஸ்கோப்பும் கூடவே வரும், திரும்ப மாட்டும்போது குறி பெரிதாக விலகாது. பழக்கத்துக்குச் சிறு தோட்டாவான .22, பன்றிக்குப் பெரிய தோட்டாவான .30-30, இந்த இரண்டு குழல் போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கோப். .22 போடும்போது, தோட்டா வெடிக்கத் தட்டும் குதிரையில் உள்ள சிறு திருப்பியை மாற்ற மறக்கக் கூடாது. இன்னும் வலுவான .308 தோட்டா வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதற்கு என்கோர் என்ற பெரிய அண்ணன் இருக்கிறது. அதன் குழல் இதில் ஏறாது, இதன் குழல் அதில் ஏறாது.

வாங்கும்போது பக்கவாட்டில் செதுக்கியிருக்கும் பூமா படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, மூடி, உடலை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். மெதுவாக மூடினால் பூட்டு முழுசாக விழாமல், சுடாமல் நிற்கும். அது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள், 'டப்' என்று மூட வேண்டும். பழைய மாடல்களில் திறக்க நல்ல கைபலம் வேண்டும், குதிரையை இறக்கிவிட்டால் திரும்பத் திறந்து மூடினால்தான் ஏற்ற முடியும். பின்னால் வந்த ஜி2 இந்த இரண்டிலும் மேல். ஆனால் பழசின் தோள்கட்டை ஜி2வுக்குப் பொருந்தாது, கட்டை வாங்குமுன் எது என்று கேட்டுக்கொள்ளட்டும்.

கைத்துப்பாக்கியின் 10 அங்குலக் குழல் ஒன்றும் சேர்ந்து வந்தால் கவனம். குழல் 16 அங்குலத்துக்குக் குறைவாக இருக்கும்போது தோள்கட்டை மாட்டினால், முன்பதிவு இல்லாதவரை அமெரிக்காவில் பெருங்குற்றம். கழற்றிப் போடும் ஐந்து நிமிட நேரத்தில்கூட அப்படி ஆகிவிடக் கூடாது, முதலில் நீளக் குழல், அப்புறம்தான் கட்டை. திரும்பக் கைத்துப்பாக்கியாக்கும்போது முதலில் கட்டையை எடு, பிறகு குழல்; அதுவும் தொழிற்சாலையிலிருந்து கைத்துப்பாக்கியாகவே வந்த உடலாக இருந்தால் மட்டும். இந்தத் துப்பாக்கியை வைத்தே 1992இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போனது.

கட்டைக்கு ஊரிலிருந்து தோதகத்தி இழைத்து அனுப்பலாம் என்று தோன்றும், வேண்டாம். அந்த மரம் நாடு தாண்டிப் போகவே சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. அக்ரூட் மரம் அங்கேயே கிடைக்கிறது, கனமில்லை, அதிர்ச்சியைத் தாங்கும், ஈரத்துக்கு அவ்வளவாக முறுக்காது.

ஊருக்குக் கொண்டுவருவதா? மனசிலிருந்தே எடுத்துவிடுங்கள். அங்கே எண் குத்திய உடல்தான் துப்பாக்கி, குழலைத் தபாலில்கூட வாங்கலாம். நம் 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான், ஒரு வெறும் குழல் பெட்டியில் வந்தாலும் வழக்கு, சட்டைப்பையில் மறந்துபோன ஒரு தோட்டாவுக்கே விமான நிலையத்தில் பிடிக்கிறார்கள். வாழை சாய்ந்து கிடப்பதைப் பார்க்கும் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும் அண்ணாச்சி. ஆனால் 2025 தொடக்கத்தில் வந்த அரசு உத்தரவுப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டினால்தான் பன்றியைச் சுட முடியும், அதுவும் வனத்துறையினர் மட்டும். ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடுவது, ஒன்றுக்குள் தொடவே கூடாது. உங்கள் தோப்பு எந்தத் தூரத்தில் வருகிறது என்று ரேஞ்சர் ஆபீசில் எழுதிக் கேளுங்கள், நஷ்டத்துக்கும் அங்கேயே மனு கொடுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து ஒற்றைக் குழல் 12 போர் ரவைத் துப்பாக்கி. லைசென்ஸ் அப்பா பெயரில், அவருக்கு 74 வயது. குழல் முனையில் துரு, இரண்டு அங்குலம் அறுத்துவிடலாமா? – கடையம் வாசகர்

பதில்: அறுக்காதீர்கள் தம்பி. குழலைக் குறைக்கத் தனி லைசென்ஸ் வேண்டும், இல்லாமல் பட்டறையில் கொடுத்தால் அப்பாவும் மாட்டுவார், பட்டறைக்காரரும் மாட்டுவார். இன்னொன்று, ரவை சிதறாமல் சேர்த்து அனுப்பும் சோக் அந்த முனையில்தான் இருக்கும், அறுத்தால் அதுவும் போச்சு. லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் துருவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். 70 வயது தாண்டியவர் வாரிசு பெயருக்கு மாற்ற 2016ஆம் வருட விதியில் இடம் இருக்கிறது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு இந்த மாதமே கலெக்டர் ஆபீசுக்குப் போய்வாருங்கள்.