தறிக்குடோனில் போன் மணி கேட்காது

"போன்தான் கையிலேயே இருக்கிறதே, அப்புறம் ஸ்மார்ட்வாட்ச் எதற்கு? அன்றாடம் அதனால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மேசை வேலை என்று நினைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனைக் கையில் வைத்துக்கொள்ள முடியாத வேலைகள் நிறைய உண்டு. என்னுடையது அதில் ஒன்று.

சோமனூர் பக்கம் ஒரு குடோனில் விசைத்தறி ஓட்டுகிறேன். என் பொறுப்பில் ஆறு தறி. ஊடு நூலைச் சுமந்து இங்கும் அங்கும் ஓடுகிற நாடா அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். பஞ்சுத் தூசி அடைந்துவிடும் என்று போனைச் சட்டைப் பையிலேயே விட்டு, சட்டையை ஆணியில் மாட்டிவிடுவது வழக்கம். 2021இல் ஒரு நாள் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அம்மா பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறார். டீ குடிக்கப் போகச் சட்டையை எடுத்தபோதுதான் பார்த்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்களே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அப்பா இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். ஆனால் அந்தப் பதினொன்று இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

அடுத்த மாதமே மகள் இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். போனுக்கு அழைப்பு வந்தால் அது மணிக்கட்டில் அதிரும். "தறி ஓடினால் தரையே அதிருது, இது அதிர்றது எப்படித் தெரியும்?" என்று குடோனில் எல்லாரும் கேட்டார்கள். தெரிகிறது. தறியின் அதிர்வு ஒரே சீராகக் காலில் ஏறும். வாட்ச் விட்டு விட்டு அதிரும். முகப்பை மணிக்கட்டின் உட்புறம் வருகிற மாதிரி இறுக்கமாகக் கட்டினால் தவறவே தவறாது.

போன வருடம் இரவு ஷிப்டில், தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழை அறுந்து, அதை முடிந்துகொண்டிருந்தபோது கை அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தால் 'அம்மா'. அந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டார். வெளியே ஓடி எடுத்தேன். "கண்ணு, கையெல்லாம் நடுங்குது, வேர்த்து ஊத்துது" என்றார். அவருக்குச் சர்க்கரை நோய், அன்று மாத்திரை போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கச் சொல்லி, வீடு போய்ச் சேரும்வரை போனை வைக்காமல் பேசிக்கொண்டே போனேன். நல்லபடியாக இருந்தார். வாட்சுக்குக் கொடுத்த காசு அந்த ஒரு ராத்திரியிலேயே திரும்பிவிட்டது.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் வாட்ச் கட்டலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். இழுத்தால் பிரிந்துவிடுகிற ஒட்டுப் பட்டைதான் போட்டிருக்கிறேன். தறிக்குள் கை விடும்போது நிறுத்திவிட்டுத்தான் விடுவேன். இன்னொன்று, போனையும் வாட்சையும் இணைக்கிற புளூடூத் பத்து மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. அதனால் போனைத் துணியில் சுற்றி நடு ஜன்னலில் வைக்கிறேன்.

நடைக் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, கை ஆடினாலே ஒரு காலடி என்று எண்ணிவிடும். தினம் பத்தாயிரம் காலடி என்பதே 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியதுதான். ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும் வாட்ச் என்று விற்றால் மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்படி எந்த வாட்சுக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அம்மாவுக்கு அதை வாங்கித் தரச் சொன்ன சொந்தக்காரரோடு சண்டையே போட்டேன். அது காட்டுகிற எண்ணை நம்பி மருந்தைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் கட்டியிருக்கிற ஆப்பிள் வாட்ச் சுற்றியிருக்கிற சத்தத்தை டெசிபலில் காட்டும். குடோனுக்கு வந்தபோது 97 என்று காட்டியது. எட்டு மணி நேர வேலைக்கு 85தான் எல்லை என்கிறார்கள். நாங்கள் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறோம். கூலியைப் பற்றிப் பேசுகிறோம், போனஸைப் பற்றிப் பேசுகிறோம், காதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை, நான் உட்பட. அப்பா முப்பத்தெட்டு வருடம் தறி ஓட்டினார். இப்போது அவரைத் தோளில் தொட்டுத்தான் கூப்பிடுகிறோம்.