சண்டைக் கத்திக்கு எலும்புப் பிடி போட்டால் ஆணியைச் சுற்றி ஏன் விரிசல் விடுகிறது?

கேள்வியில் இருப்பது: 5160 என்ற ஸ்பிரிங் எஃகில் 7 அங்குல அலகு, இரு பக்கமும் ஒட்டக எலும்புப் பட்டை, 3 மி.மீ. பித்தளை ஆணி மூன்று. ஒரு மாதத்தில் நடு ஆணியிலிருந்து மயிரிழை விரிசல்.

பெரும்பாலும் ஆணித் தலையைச் சுத்தியலால் தட்டி விரித்ததன் பலன் இது. மரம் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும்; எலும்பு கொடுக்காது. பித்தளை விரியும்போது துளையின் சுவரை நெட்டும். எலும்பின் நார் பிடியின் நீளவாக்கில் ஓடுவதால் அதே வாக்கில் பிளந்துகொள்ளும். சில சமயம் அன்றைக்குத் தெரியாது, வறண்ட காற்று பட்டதும் வாய் திறக்கும்.

3 மி.மீ. ஆணிக்கு எலும்பில் 3.1 அல்லது 3.2 மி.மீ. துளை போடுங்கள். விரலால் தள்ளினாலே ஆணி இறங்க வேண்டும். பட்டையைப் பிடித்து நிற்பது எப்பாக்ஸிதான் (இரண்டு கலவையைச் சேர்த்து இறுக வைக்கும் பசை), பட்டை பக்கவாட்டில் நழுவாமல் ஆணி காக்கிறது, அவ்வளவே. தலை தட்டாமல் மட்டமாக அராவி விடுங்கள். துளையிடும்போது அடியில் மரக்கட்டை வைத்து, குறைந்த வேகத்தில், பிட்டை அடிக்கடி வெளியே எடுங்கள். முடி கருகும் வாடை வந்தால் அந்த இடம் ஏற்கெனவே நொய்ந்துவிட்டது. (எஃகில் துளையை ஹார்டனிங்குக்கு, அதாவது காய்ச்சிக் கடினமாக்குவதற்கு, முன்பே போட்டிருப்பீர்கள்; பின்னால் சாதா பிட் ஏறாது.)

எலும்பையும் ஒருமுறை பாருங்கள். மணிக்கணக்கில் கொதிக்க வைத்த எலும்பும் பிளீச்சில் ஊறியதும் உள்ளிருந்து பிடித்து நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தை இழந்து சாக்பீஸ் மாதிரி உதிரும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில், தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவைத்துக் கொழுப்பை எடுப்பதே சரி. வெளுக்க 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடு போதும். பிறகு நிழலில் வாரக்கணக்கில் காய வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் மஞ்சள் திட்டு வரும், பசையும் விட்டுப்போகும்.

ஒட்டும் முகத்தைக் கண்ணாடி மேல் வைத்த 80 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்கி, அசிட்டோனில் துடையுங்கள். எஃகுக்கும் எலும்புக்கும் நடுவே 0.8 மி.மீ. வல்கனைஸ்டு ஃபைபர் தாள் (அழுத்திக் கெட்டியாக்கிய காகித நார்த் தாள்) வையுங்கள். எலும்பு சுருங்கி விரியும்போது அழுத்தத்தை ஓரளவு வாங்கிக்கொள்ளும். 24 மணி நேர எப்பாக்ஸிதான் நல்லது. கிளாம்பை இறுக்கித் தொலைத்தால் பசை முழுக்க வெளியே பிதுங்கி, உள்ளே ஒட்ட எதுவும் இருக்காது. பட்டையின் அலகுப் பக்க முனையை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே 600 நம்பர் வரை தேய்த்து முடித்துவிடுங்கள், பிறகு அங்கே கை வைத்தால் அலகில் கீறல் விழும்.

வடிவம் எடுக்கும்போது நொடிக்கொரு தரம் தண்ணீரில் முக்குங்கள். எலும்புத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. துணி முகமூடி போதாது, ஃபில்டர் வைத்த ரெஸ்பிரேட்டர் போடுங்கள்.

சண்டைக் கத்தி என்பதால் இன்னொன்று: கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட எலும்பு வியர்வைக் கையில் வழுக்கும். குறுக்கே ஆழமில்லாத வெட்டுகள் போட்டு, 400 நம்பரோடு நிறுத்துங்கள்.

இப்போதைய விரிசல் மயிரிழைதான் என்றால் தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூவைச் சொட்டாக விடுங்கள், தானே இழுத்துக்கொள்ளும். நகம் மாட்டும் அளவு அகன்றிருந்தால் பட்டையைக் கழற்றிப் புதிதாகத்தான் போட வேண்டும்.