எறும்பு ஏறிய கப்பல்

அன்புள்ள ஐயா,

என் மகன் தொடக்கநிலை 5. கணக்குப் பயிற்சியைக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான எஸ்எல்எஸ்ஸில் செய்கிறான். தவறினால் உடனே காட்டி, அடுத்த கணக்கையும் அதுவே எடுத்துக் கொடுக்கிறது. முன்பு தொலைக்காட்சியைப் பார்த்து எதையாவது வெட்டி ஒட்டி வீட்டை நாசம் செய்வான். இப்போது குப்பை இல்லை, நிம்மதி. ஆனாலும் எதையோ இழக்கிறானோ? தினம் எவ்வளவு நேரம் விடலாம்?

ஒரு தாய், செங்காங்

அன்புள்ள அம்மா,

நேரக் கணக்கை அவன் ஆசிரியரிடம் கேளுங்கள். பின்னத்தை எஸ்எல்எஸ் சொல்லிக்கொடுத்தால் நல்லதுதான், அதனோடு எனக்குச் சண்டையில்லை. ‘குப்பை இல்லை, நிம்மதி’ என்றீர்களே, சண்டை அதனோடுதான். எந்த வீட்டுப் பேச்சு இது!

போன வாரம்தான் பேத்தியோடு பிபிசியின் ‘புளூ பீட்டர்’ பழைய துண்டு ஒன்றைப் பார்த்தேன். 1958இல் தொடங்கிய சிறுவர் நிகழ்ச்சி. 1969இல் லுலு என்ற யானைக்குட்டியை அரங்குக்குள் கூட்டிவந்தார்கள். அது நடுக்கூடத்தில் லத்தி போட்டது, பாகன் அதிலேயே வழுக்கி விழுந்தார். நேரலை அல்ல, முன்பே பதிவு செய்தது. வெட்டியிருக்கலாம். வெட்டாமல் அப்படியே காட்டினார்கள். பேத்தி மூன்று முறை போடச் சொன்னாள்.

தோ பாயோ ஓரறை வீட்டில், எனக்கு ஒன்பது வயது. தொலைக்காட்சியில் அட்டைக் கப்பல் செய்து காட்டினார்கள். பசை வாங்கக் காசில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் மைதாவைக் கொதிநீரில் கொட்டினேன். கட்டி தட்டியது. கரண்டியால் ஒன்றை நசுக்கினால் உள்ளே வெறும் மாவு, நனையவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் பச்சைத் தண்ணீரில் கரைத்து அடுப்பேற்றத் தோன்றியது. பளபளவென்று வந்தது பசை.

முதல் கட்டி விழுந்ததுமே ஒரு பெட்டி ‘தவறு, இப்படிச் செய்’ என்று திருத்தியிருந்தால் நான் எதற்கு அதை நசுக்கப் போகிறேன்? உங்கள் தளம் தவறைக் காட்டுவது எனக்குக் குறையில்லை. பிள்ளை அதைத் தொட்டுப் பார்ப்பதற்குள் காட்டிவிடுகிறதே, அதுதான் குறை. தவறு அவனுடையது அம்மா. கொஞ்ச நேரம் அவன் கையில் இருக்கட்டும்.

ராத்திரி கப்பல் முழுக்க எறும்பு. அம்மா கரண்டிக் காம்பால் இரண்டு வைத்தார். பிறகு அவரே, சீனி டப்பாவை வைப்பதுபோல, கப்பலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினார். காலையில் அடிப்பாகம் ஊறிக் கூழாகிக் கிடந்தது. யார் செய்த தப்பு என்று கடைசிவரை இருவரும் பேசவில்லை.

சனிக்கிழமை துணைப்பாடம் ஒன்றைத் தள்ளிவையுங்கள். தரையில் பழைய தமிழ் முரசை விரித்து, மைதாவை அவன் கையில் கொடுங்கள். அடுப்பருகே மட்டும் நில்லுங்கள். எறும்பு வந்தால் தண்ணீர்த் தட்டு வேண்டாம்.